யார் அவன் என்று கேட்பதற்கு முன்

வீட்டில் பெண் பிள்ளை முகம் வாடி வந்து நின்றால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "யார் அவன்?" பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாலும் இதே கேள்வி. போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாலும் இதே கேள்வி. ஒருவன் அவளைத் துன்புறுத்தியிருக்கலாம், அல்லது அவள் ஒருவனை விரும்பியிருக்கலாம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனால் கேட்கிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. அவருக்குத் தேவை ஓர் ஆணின் பெயர். பெயர் கிடைத்ததும் அவர் கிளம்பிவிடுவார். அவள் வாசலிலேயே நிற்பாள்.

கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நான் பார்த்த தமிழ்ப் படங்களை வரிசையாக யோசித்துப் பார்த்தபோது இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்து நின்றது. த்ரில்லர், குடும்பப் படம், கிரிக்கெட் படம், விருது விழாக்களுக்குப் போன படம் என்று வகைகள் மாறுகின்றன. கேள்வி மாறவில்லை. அதைக் கேட்ட பிறகு கேமரா யார் பின்னால் போகிறது, பெயரைத் தேடிப் போகும் ஆணின் பின்னாலா, வாசலில் நிற்கும் பெண்ணிடமா என்பதை வைத்தே இந்தப் படங்களை எனக்குள் பிரித்து வைத்திருக்கிறேன். முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

நித்திலன் சாமிநாதன் இயக்கிய ‘மகாராஜா’ 2024இல் வந்தது. விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் காவல் நிலையத்துக்கு வந்து, வீட்டில் இருந்த லட்சுமியைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி. காவலர்கள் சிரிக்கிறார்கள், அடிக்கிறார்கள், அவர் போகவே மாட்டேன் என்கிறார். தியேட்டரும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறது. அந்தத் தொட்டிக்குப் பின்னால் இருப்பது தன் மகள் ஜோதிக்கு நடந்த கூட்டு வன்புணர்வு என்று பிறகுதான் நமக்குத் தெரிகிறது. திரைக்கதையைக் கட்டிய விதத்தில் குறை சொல்ல முடியாது. காலத்தை முன்னும் பின்னுமாக வெட்டி ஒட்டிய நேர்த்தியை எல்லாரும் பாராட்டினார்கள், நானும் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த நேர்த்தி எதை மறைத்து வைத்து விளையாடுகிறது என்று பாருங்கள். ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை இங்கே ஒரு முடிச்சு. எப்போது அவிழ்த்தால் கைதட்டல் அதிகம் வரும் என்று கணக்குப் பார்த்து வைத்த முடிச்சு. அவிழ்ந்த பிறகும் படம் அவளிடம் நெடுநேரம் நிற்பதில்லை. குற்றத்துக்குக் காரணமானவனை ஜோதி நேருக்கு நேர் பார்த்துப் பேசும் ஒரு காட்சி உண்டு. படத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அந்தப் பெண் உடைந்து கிடக்க வேண்டும் என்ற வழக்கத்தை அவள் மீறுகிறாள். ஆனால் அடுத்த நிமிடமே படம் அவளை விட்டுவிட்டு அவனிடம் போய்விடுகிறது. தான் அழிக்கச் சொன்னது தன் சொந்த மகளைத்தான் என்று அவன் உணர்வதுதான் க்ளைமாக்ஸ். அதிர்ச்சி அவனுடையது, கண்ணீர் அவனுடையது, சாவும் அவனுடையது. யார் பெற்ற பிள்ளை என்ற உண்மை இரண்டு அப்பாக்களுக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவில் கைமாறுகிறது. அவள் வாழ்க்கையைப் பற்றிய அந்த உண்மையை அவள் கையில் கொடுக்கப் படம் முனையவில்லை.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. அவனுடைய மகளாக இல்லாமல் இருந்திருந்தால் அவன் வருந்தியிருப்பானா? படத்தின் தர்க்கப்படி இல்லை. ஊரான் மகள் என்றால் பழி, தன் மகள் என்றால் பாவம். இந்தத் தர்க்கத்தைப் படம் கேள்வி கேட்பதில்லை. அதன் மேல் ஏறி நின்றுதான் நம்மை அழ வைக்கிறது.

இதற்கு முந்தைய ஆண்டு வந்த சு. அருண்குமாரின் ‘சித்தா’வும் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைப் பற்றியதுதான். பழனியில் நடக்கும் கதை. அண்ணன் இறந்த பிறகு அண்ணன் மகள் சுந்தரியைத் தன் மகளாக வளர்க்கும் ஈஸ்வரன். முதலில் இன்னொரு சிறுமிக்கு நடந்ததற்கு அவன் மீதே சந்தேகம் விழுகிறது. இங்கேயே படம் ஒரு முக்கியமான காரியத்தைச் செய்துவிடுகிறது. நல்ல சித்தப்பாவும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் கிடையாது என்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்வதும் இதைத்தான். வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர் என்று யாரோ ஒருவர். ‘மகாராஜா’வில் வருவதுபோல் சுவரேறி வரும் அந்நியன் அரிது.

‘சித்தா’வின் இரண்டாம் பாதி கடத்தல் த்ரில்லராக மாறுவதும், குழந்தையின் பயத்தை அவ்வளவு நேரம் காட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கொல்லத் துடிக்கும் ஈஸ்வரனிடம் சக்தி பேசும் இடம் ஒன்று வருகிறது. நிமிஷா சஜயன் நடித்த துப்புரவுப் பணியாளர் பாத்திரம். நீ அவனைத் தேடிப் போய்விட்டால் இந்தக் குழந்தைக்கு என்ன மிச்சம் என்பதுதான் அவள் கேட்பதன் சாரம். பழிவாங்கும் கதைகளில் பெண்கள் வழக்கமாக ஹீரோவின் கையில் அரிவாள் எடுத்துக் கொடுப்பார்கள். இவள் அதைக் கீழே போடச் சொல்கிறாள். எனக்குத் தெரிந்து சமீபத்திய தமிழ்ப் படங்களில் "யார் அவன்?" என்ற கேள்வியை நிறுத்தி வைத்துவிட்டு "நீ எப்படி இருக்கிறாய்?" என்று குழந்தையின் பக்கம் திரும்பியது இந்தப் படம்தான்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று தோன்றலாம். என் தோழி ஒருத்திக்குப் பதின்மூன்று வயதில் உறவுக்காரர் ஒருவரால் தொல்லை இருந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் எங்களிடம் சொன்னாள். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "அப்பா அவரை வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிருப்பாரு. அப்புறம் எங்க வீட்டுல யாரு சம்பாதிக்கிறது?" அப்பா தன்மேல் உயிரையே வைத்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பாசத்துக்குப் பயந்துதான் அவள் வாயை மூடிக்கொண்டாள். மகளுக்காகக் கொலை செய்யும் அப்பாவைப் பார்த்து நாம் தியேட்டரில் விசில் அடிக்கும்போது, பக்கத்து இருக்கையில் பதின்மூன்று வயதில் ஒருத்தி உட்கார்ந்து ஒரு பாடம் கற்றுக்கொள்கிறாள். சொன்னால் வீடு எரியும் என்ற பாடம். 2012இல் வந்த போக்சோ சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடையில் இல்லாத அதிகாரி, கூடுமானவரை ஒரு பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒரு குழந்தை பேசுவதற்கு என்னவெல்லாம் வேண்டும் என்று சட்டம் இவ்வளவாவது யோசித்திருக்கிறது. நம் த்ரில்லர்கள் அந்த அளவுக்குக்கூட யோசிப்பதில்லை.

அதே கேள்வியின் இன்னொரு முகம் பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. 2024 பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு அந்த ஆகஸ்டில் தியேட்டருக்கு வந்தது. பின்னணி இசை கிடையாது. மீனா ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் ஒருவனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, முறைமாமன் பாண்டியும் குடும்பமும் ஆட்டோவிலும் பைக்குகளிலும் அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். இங்கே "யார் அவன்?" என்பதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். பதில் பிடிக்கவில்லை, அதனால் பேய் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

அன்னா பென் படம் முழுக்க ஏறக்குறைய பேசுவதே இல்லை. பேசாமலே வண்டியில் இருக்கும் அத்தனை பேரையும் நிம்மதி இழக்கச் செய்கிறார். எங்கிருந்தோ வரும் பாட்டுக்கு அவள் முணுமுணுத்ததும் பாண்டி வெறிபிடித்து அடிக்கிறான். தடுக்க வரும் பெண்களையும் சேர்த்து அடிக்கிறான். அந்த அடியில்தான் சாதி எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு உறைத்தது. சாதியைக் காப்பாற்றும் பொறுப்பை ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். அதை வாங்கிக்கொள்ளும் உடம்பு மட்டும் வீட்டுப் பெண்களுடையது. வழியை மறித்து நிற்கும் காளையை ஆண்கள் எவராலும் நகர்த்த முடியாதபோது ஒரு சிறுமி வந்து அதைப் பிடித்துக்கொண்டு போகிறாளே, அதைக் காட்டிவிட்டு எதுவும் சொல்லாமல் படம் நகர்கிறது.

ஆனாலும் இந்தப் படத்தின் முடிவோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. சாமியாடி வேறொரு பெண்ணுக்கு என்ன செய்கிறான் என்பதைப் பாண்டி பார்க்கிறான். அவன் என்ன முடிவெடுப்பான் என்ற கேள்வியோடு படம் நிற்கிறது. அத்தனை நேரம் மீனாவின் மௌனத்தைத் தாங்கி வந்த படம், கடைசிக் கணத்தை அவன் கண்களிடம் ஒப்படைக்கிறது. அவன் மனம் மாறினால் அவள் பிழைப்பாள் என்றால் அவள் நிலைமையில் என்ன மாறியது? உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் வெட்டுப்பட்டு உயிர் பிழைத்த கௌசல்யா, பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். யாருடைய மனமாற்றத்துக்காகவும் அவர் காத்திருக்கவில்லை. அப்படிப் பேசிய ஒரு பெண்ணை இந்த மண் கண்ணெதிரே பார்த்திருக்கிறது. சினிமாவின் மீனாக்கள் இன்னும் எவ்வளவு காலம் மௌனத்தால் மட்டுமே எதிர்க்க வேண்டும்?

ஆச்சரியமாக, இந்தக் கேள்வியைச் சிரிக்கச் சிரிக்கக் கையாண்டது ஒரு கிரிக்கெட் படம். தமிழரசன் பச்சமுத்துவின் ‘லப்பர் பந்து’. மைதானத்தில் முட்டிக்கொள்ளும் இரண்டு பேரில் மூத்தவர் கெத்து, இளையவன் அன்பு. கெத்துவின் மகள் துர்கா விரும்பும் பையன் அன்புதான். "யார் அவன்?" என்று கேட்டு வந்த அப்பாவுக்கு, தன்னை அவுட்டாக்க அலைபவன் பெயரே பதிலாகக் கிடைக்கிறது. இதை வைத்து வெட்டுக்குத்துப் படமே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இதில் வில்லன் என்று கொல்ல ஆள் இல்லை. அதனால் ஆண்கள் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது, வெட்கப்பட வேண்டியிருக்கிறது, மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதைவிட முக்கியம் சுவாசிகா நடித்த யசோதை. சாதியை மீறிக் கல்யாணம் செய்தவள். புருஷன் வேலையை விட்டுவிட்டு ஆட்டத்துக்கு ஓடுவதைப் பொறுக்க மாட்டாமல் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து பிட்ச்சையே உழுதுவிடுகிறாள். தியேட்டரில் பெண்கள் கைதட்டிச் சிரித்த சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆணின் விளையாட்டுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது என்பதை வசனமே இல்லாமல் ஒரு கலப்பை சொல்லிவிட்டது. அவளுக்கும் மாமியாருக்கும் இடையிலான உறவை எழுதிய விதமும் அருமை. ஆனால் இந்தப் படத்திலும் துர்காவுக்கென்று தனியாக ஓர் ஆசையோ லட்சியமோ இல்லை. அப்பாவுக்கும் காதலனுக்கும் நடுவில் அவள் ஓடிக்கொண்டே இருக்கிறாள்.

2025இல் வந்த ‘பேட் கேர்ள்’ படத்தில்தான் வாசலில் நின்ற பெண்ணோடு கேமரா கடைசிவரை இருந்தது. இயக்கியவர் வர்ஷா பரத் என்ற பெண். பள்ளி, கல்லூரி, முப்பதுகள் என்று ரம்யாவின் வாழ்க்கையை அவள் தலைக்குள்ளிருந்தே பார்க்கிறோம். டீசர் வந்த அன்றே எதிர்ப்பும் பின்னர் வழக்கும் கிளம்பின. ஒரு பெண் தன் ஆசையை வெளிப்படையாகச் சொன்னால் அதை ஒரு சாதிக்கு நேர்ந்த அவமானமாகப் பார்க்க இங்கே ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். படத்திலும் "யார் அவன்?" என்று கேட்கிறார்கள், அம்மாவே கேட்கிறார். ஆனால் ‘அவன்’கள் வருகிறார்கள், போகிறார்கள். ரம்யா இருக்கிறாள். ஏமாறுகிறாள், ஏமாற்றமும் தருகிறாள், அழுகிறாள், எழுகிறாள். அவளுக்காக யாரும் யாரையும் வெட்டுவதில்லை. அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் இடையே மெல்ல ஒரு புரிதல் வளர்வதுதான் எனக்குப் படத்தின் உண்மையான காதல் கதை.

ரம்யாவுக்கு இந்த இடம் எளிதாகக் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவள் சென்னையின் படித்த பிராமணக் குடும்பத்துப் பெண். அவள் தவறினால் திட்டு விழும், போன் பறிபோகும், ஊர் பேசும். மீனா தவறினால் இரண்டு உயிருக்கு ஆபத்து. ரம்யாவுக்குக் கிடைத்த தவறு செய்யும் உரிமை மீனாவுக்கும் ஜோதிக்கும் துர்காவுக்கும் எப்போது கிடைக்கும் என்பதுதான் இனி வரும் படங்களிடம் நான் எதிர்பார்ப்பது. தலித் பெண் இயக்குநர்களும் கிராமத்துப் பெண் இயக்குநர்களும் கேமராவைப் பிடித்தால்தான் அது நடக்கும் என்று நினைக்கிறேன். அதுவரை, ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது நாமாவது அந்தப் பெண் பாத்திரத்தைப் பற்றி ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம். இவ்வளவு நடந்ததே, கடைசியில் அவளுக்கு என்ன வேண்டும் என்று இந்தப் படத்தில் யாராவது கேட்டார்களா?