படுக்கை விதிக்குச் சான்று எங்கே?

பிரசவ வலி தொடங்கிச் சேர்க்கப்பட்ட பெண்ணைக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று கட்டுப்படுத்தும் மருத்துவமனைகள் பல. வலி தெரியாமலிருக்க மருந்து எதுவும் பெறாத, வேறு சிக்கலும் இல்லாத தாய்க்கும் இதே விதிதான். இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று பார்ப்போம்.

நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்தால், கருப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பெருஞ்சிரையை அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. சிலருக்கு மயக்கமே வருகிறது. ஒருக்களித்துப் படுத்தாலே இந்த அழுத்தம் பெரிதும் தணியும்.

எழுந்து நின்றால் புவியீர்ப்பும் துணை வரும். 30 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் 22 மி.மீ. பாதரசத்துக்குச் சமம். வலியின்போது கருப்பைக்குள் எழும் அழுத்தம் சுமார் 50 மி.மீ. என்றால், 22 என்பது அற்பமன்று. ஆனால் உடல் கண்ணாடிக் குழாய் அல்லவே! கணக்கு வழிகாட்டும்; தீர்ப்புச் சொல்ல வேண்டியது சோதனை.

2013இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு 25 ஆய்வுகளையும் 5,218 பெண்களையும் உள்ளடக்கியது. நிமிர்ந்தும் நடந்தும் இருந்தவர்களுக்குப் பிரசவத்தின் முதற்கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்தது. ஆய்வுகள் சிலவற்றின் தரம் போதாது என்றாலும், நடப்பதால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் நிற்பதே என்றும் நல்லதா? அதுவும் இல்லை. முதுகில் வலிமரப்பு மருந்து செலுத்தப்பட்டவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், கருவி உதவியின்றிப் பெற்றவர்கள் நிமிர்ந்திருந்தோரில் 35 சதவீதம். ஒருக்களித்துப் படுத்திருந்தோரில் 41 சதவீதம். மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் ஒரே விதி பொருந்தாது என்பதே இதன் பாடம்.

குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவியின் கம்பியும் தாயைக் கட்டிலோடு பிணைக்கிறது. சிக்கலற்ற பிரசவத்துக்கு இக்கருவியை உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. முதற்கட்டம் தீவிரமானபின் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கருவியால் கேட்டால் போதும் என்கிறது. நடமாட்டத்தை ஊக்குவிக்கவும் சொல்கிறது. 2017இல் தொடங்கிய நம் நாட்டு லக்ஷ்யா திட்டமும், தனக்கு வசதியான நிலையில் பிள்ளை பெறும் உரிமையைத் தாய்க்கு அளிக்கிறது.

பின் விதி ஏன் மாறவில்லை? கட்டிலில் இருப்பவரைக் கவனிப்பது எளிது, செவிலியர் குறைவு. இது உண்மையான இடர்ப்பாடுதான். ஆனால் அது நிர்வாகத்தின் காரணம். மருத்துவக் காரணம் அன்று. ஆள் பற்றாக்குறையின் சுமையை வலியில் துடிப்பவள் மேல் ஏற்றுவது முறையா?

இரத்தப்போக்கு, மிகை இரத்த அழுத்தம், குழந்தையின் துடிப்பில் மாறுபாடு போன்ற நிலைகளில் மருத்துவர் படுக்கச் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். அங்கே காரணம் இருக்கிறது. காரணம் சொல்லாத விதியைப் பற்றி, பிரசவ நாளுக்கு முன்பே மருத்துவமனையில் கேளுங்கள்: "நடக்கலாமா? கூடாதென்றால், ஏன்?"