மகாரி, மீக்கா, போ: இத்தாலியச் சொற்களின் அழகு பற்றி ஒரு முறையீடு

இணையத்தில் "மிக அழகான இத்தாலியச் சொற்கள்" என்று தேடிப் பாருங்கள். எல்லாப் பட்டியலிலும் வண்ணத்துப்பூச்சிக்கு ஃபர்ஃபால்லா இருக்கும். தும்பிக்கு லிபெல்லுலா இருக்கும். சும்மா இருப்பதன் சுகத்தைச் சொல்லும் 'தோல்ச்சே ஃபார் நியெந்தே' கட்டாயம் இருக்கும். நானும் இத்தாலிக்குப் போகும் முன் இப்படி ஒரு பட்டியலை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தவன்தான். பத்து மாதம் பொலோன்யாவில் இருந்தேன். தும்பியைப் பற்றி ஒருத்தர்கூட என்னிடம் பேசவில்லை.

இந்தப் பட்டியல்கள் மேல் எனக்கு இருக்கும் புகார், அவை பயன்படாது என்பது அல்ல. சொல்லின் அழகை ஓசையில் மட்டும் தேடுகின்றன, அதுதான் புகார். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும், அதனால் பாட்டு மாதிரி இருக்கும் என்பார்கள். சரி. ஆனால் அந்த அழகு ரயில் நிலைய அறிவிப்பிலும் இருக்கிறது, வரி நோட்டீஸிலும் இருக்கிறது.

என் நோட்டில் 'மகாரி' என்ற சொல்லும் இருந்தது. அர்த்தம்: ஒருவேளை. அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

மேல் மாடியில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். மகன் ஜெர்மனியில் வேலை. நவம்பர் கடைசியில் படிக்கட்டில் பார்த்தபோது, கிறிஸ்துமஸுக்கு மகன் வருகிறாரா என்று கேட்டேன். "மகாரி!" என்றார். ஓ, ஒருவேளை வருவார்போல என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பேன். டிக்கெட் போட்டாச்சா, எந்த நாள் வர்றார், இப்படி. பாட்டி சிரித்துவிட்டுப் போய்விடுவார். கூட வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் இதை எதேச்சையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அவங்க 'ஒருவேளை'ன்னு சொல்லலை. வர மாட்டான்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

தனியாக, ஒரு பெருமூச்சோடு சொன்னால் மகாரிக்கு 'அப்படி நடந்தா எவ்வளவு நல்லாருக்கும்' என்று பொருள். நடக்காது என்று தெரிந்தே ஆசைப்படுவது. 'மகாரி நாளைக்கு' என்று வாக்கியத்துக்குள் வரும்போதுதான் அது வெறும் ஒருவேளை. சொல்லின் வேர் கிரேக்கத்தில் 'மகாரியே'. 'பேறு பெற்றவனே' என்று விளிக்கும் சொல். நம்ம ஊர்ப் பாட்டியிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் "வந்தா என் பாக்கியம்" என்றிருப்பார். நானும் அதை ஒருவேளை என்று படித்திருக்க மாட்டேன். மூன்று வாரம் ஒரு அம்மாவின் புண்ணைத் தினமும் தொட்டுத் தொட்டுக் கேட்டிருக்கிறேன்.

இதே பட்டியல்காரர்கள் மகாரியை 'மொழிபெயர்க்க முடியாத சொல்' என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகப் பெயர்க்க முடியாது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் முடியுமா என்று யார் பார்த்தார்கள்? எனக்குப் பிடித்த உதாரணம் 'மீக்கா'. இலத்தீனில் அதற்கு ரொட்டித் துணுக்கு, பொடி என்று பொருள். இல்லை என்பதை அழுத்த வந்த துணுக்கு. நாம் 'இம்மியும் இல்லை' என்கிறோமே, அதே வழிதான். ஆனால் இன்றைய பேச்சில் அது செய்கிற வேலை அழுத்தம் மட்டும் இல்லை. மொழியியலாளர் குல்யெல்மோ சிங்க்வே 1976இல் இந்த ஒரு சொல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். கேட்பவர் மனதில் ஏற்கனவே ஒரு எண்ணம் இருக்கிறது, மீக்கா அதை மறுக்கிறது என்பது அதன் சாரம். ஸ்வெட்டர் போட்டுக்கோ என்று யாராவது நீட்டினால்தான் மீக்கா சேர்த்து 'குளிரவில்லை' என்பார்கள். சும்மா வானிலை சொல்லும்போது வராது. தமிழில்? "அவன் ஒண்ணும் முட்டாள் இல்ல." இந்த 'ஒண்ணும்' அச்சு அசல் மீக்கா. யாரோ அவனை முட்டாள் என்று நினைத்தால்தான் இந்த வாக்கியம் பிறக்கும். என் நோட்டில் மீக்காவுக்கு இடமே இல்லை, ஏனென்றால் அது அழகான சொல் இல்லையாம்.

ச்சாவ் (தமிழில் எழுதவே கை கூசுகிறது) வெனிஸ் பக்கத்திலிருந்து வந்தது. 'உங்கள் அடிமை' என்பது தேய்ந்து ஒற்றைச் சொல்லாகிவிட்டது. வைணவர்கள் சொல்லும் 'அடியேன்' நினைவுக்கு வரலாம். ஒரு வித்தியாசம், ச்சாவை மரியாதைக்குரியவரிடம் சொல்லக் கூடாது; நெருங்கியவர்களுக்கு மட்டும். 'போ' என்றால் தெரியலை என்று அர்த்தம், தோளைக் குலுக்கிச் சொல்வது. முதல் தடவை ஒரு கடைக்காரர் சொன்னபோது என்னை விரட்டுகிறார் என்றே நினைத்தேன்.

ஜும்பா லாஹிரி 2012இல் ரோமுக்குக் குடிபோய், 2015இல் இத்தாலியிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் சொற்களைக் காட்டில் கூடையோடு போய்ப் பொறுக்குவதாக ஓரிடம் வரும். நல்ல புத்தகம், பட்டியல்களோடு சேர்த்துப் பேசக்கூடாது. ஆனாலும் அந்தக் கூடையில் புத்தகம் படித்துச் சேர்த்த சொற்கள்தான் அதிகம். படிக்கட்டில் எதிர்ப்படும் சொற்களுக்குக் கூடை உதவாது. யார், யாரிடம், எந்த முகத்தோடு சொன்னார் என்பதையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இத்தாலியர்களிலேயே பெரும்பாலோர் ஒரு காலத்தில் இந்த மொழியைக் கற்றுக்கொண்டவர்கள்தான். 1861இல் நாடு ஒன்றானபோது இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் வெறும் 2.5 சதவீதம் என்று துல்லியோ தெ மௌரோ 1963இல் கணக்கிட்டார். பிறகு வந்த அர்ரீகோ கஸ்தெல்லானி அதைப் பத்து சதவீதம் அளவுக்கு உயர்த்தினார். எப்படிப் பார்த்தாலும் மிச்சப் பேர் வீட்டில் வட்டார மொழிதான் பேசினார்கள். 1960 முதல் 1968 வரை ஆல்பெர்த்தோ மான்சி என்ற ஆசிரியர் தொலைக்காட்சியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதனால் அன்றாடச் சொல் என்றால் மட்டமான சொல் என்ற எண்ணம் அங்கே எடுபடாது. மேல் மாடிப் பாட்டியும் சொன்னார், வீட்டில் எமிலியா வட்டார மொழி, இத்தாலியன் பள்ளிக்கூடத்தில் என்று. "எனக்கும் ரெண்டாவது மொழிதான், பயப்படாதே" என்றார்.

விஷயம் தெரிந்த பிறகு மகனைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்கவும் வார்த்தை வரவில்லை. டிசம்பர் இருபதுவாக்கில், பண்டிகைக்கு ஊருக்குப் போறியா என்று அவரே கேட்டார். டிக்கெட் விலை எனக்குத் தெரியும்.

"மகாரி" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருபத்தைந்தாம் தேதி மதியம் ஒரு மணி, சூப்பில் போட்ட தொர்த்தெல்லீனி, நேரத்துக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டு மாடியேறினார். அன்று போனபோது மேசையில் இரண்டு தட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு "பிரேகோ" என்றார். என் நோட்டில் அதற்கு 'நன்றிக்குப் பதில்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது.