இடுப்பைக் குறைத்த கார்

'பாலினீசியன்' என்று பெயர் வைத்த அந்த 1950 ஓல்ட்ஸ்மொபீலின் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. கூரையைத் தொடவே இல்லை. வண்டியின் இடுப்பைச் சுற்றி, முன்மூக்கிலிருந்து டிக்கி வரை, நாலு அங்குலப் பட்டையை அறுத்து எடுத்துவிட்டு, மேல்பாதியைக் கீழ்ப்பாதியோடு ஒட்டியிருக்கிறார்கள். இதுதான் செக்‌ஷனிங். கார் உடம்பில் செய்யும் வேலைகளில் இதை மிஞ்ச இன்னொன்று கிடையாது என்பேன்.

கலிபோர்னியாவின் முரோக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் பந்தயம் ஓட்டிய பையன்களுக்கு வண்டி தாழ்ந்திருக்க வேண்டும். கூரைத் தூண்களை அறுத்துக் குட்டையாக்கினார்கள். தரையை வெட்டி உடம்பைச் சேஸிக்கு மேல் இறக்கினார்கள். உடம்பு இறங்கியதும் கிரில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அதையும் பானட்டையும் குறுக்கே அறுத்துக் குறைத்தார்கள். செக்‌ஷனிங்குக்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம். முழு உடம்புக்கும் அதைக் கொண்டுபோய் அழகின் உச்சியில் நிறுத்தியவர்கள், அந்தப் பாலினீசியனைச் செய்த நீல் எமரியும் கிளேட்டன் ஜென்சனும். 1948-ல் பர்பாங்கில் 'வேலி கஸ்டம்' பட்டறையைத் தொடங்கிய மச்சான்மார்கள். அதே வருஷம்தான் பக்கவாட்டில் பலகை போலத் தட்டையான ஃபோர்டு வந்தது. கத்தி வைக்க அதைவிடத் தோதான உடம்பு ஏது!

இந்த வேலையின் அருமை எனக்குப் புரிந்தது நம்ம வண்ணார்பேட்டையில், ஒரு டிங்கர் பட்டறையில். அம்பாசிடர் கதவின் அடித்தகரம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. அண்ணாச்சி அந்தப் பட்டையை அறுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்தார். ஒரே இழுப்பில் பற்றவைக்கவில்லை. இந்த மூலையில் ஒரு பொட்டு, அந்த மூலையில் ஒரு பொட்டு, உடனே ஈரச்சாக்கு. சூட்டில் நெளிந்த இடத்தில் பின்னால் இரும்புக்கட்டையை அண்டக்கொடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கினார். விரல் ஓட்டிப் பார்த்தேன், தையலே தெரியவில்லை!

"அண்ணாச்சி, இதே மாதிரி வண்டியைச் சுத்தி நாலு அங்குலம் எடுத்துரலாமா?"

"எடுக்கது லேசு தம்பி. மேலயும் கீழயும் சேரணும்லா?"

எவ்வளவு சரியான பேச்சு! அம்பாசிடரின் பக்கம் உருண்டது. பட்டையை எடுத்தால் இரண்டு விளிம்பும் ஒரே கோட்டில் நிற்காது. தனிச் சேஸியும் கிடையாது, உடம்பே எலும்பு. அறுத்தால் பலமே போய்விடும். அந்தக் காலத்து ஃபோர்டுக்கும் ஓல்ட்ஸ்மொபீலுக்கும் கீழே சேஸி இருந்ததால் அந்தக் கவலை இல்லை. ஆனால் கதவுப் பூட்டு, சக்கர வளைவு, ரேடியேட்டர், சீட்டு உயரம் என்று எல்லாவற்றையும் புதிதாக அமைத்தாக வேண்டும். தெருவில் ஓட்டும் ஆசை இருந்தால், இங்கே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வேறு குறுக்கே நிற்கும்.

நீல் எமரியின் பேரன் ராட் எமரி இன்று பழைய போர்ஷே 356-களை அறுத்துத் திருத்தி, தன் ரசனைக்கு மறுபடி கட்டுகிறார். தாத்தாவின் கை அந்த வளைவுகளில் அப்படியே தெரிகிறது, பாருங்கள்!