உக்கடம் பெரியகுளம்: கரை அழகாச்சு, மீனுக்கு என்னாச்சு?

உக்கடம் பெரியகுளத்துக் கரையில் சாயங்காலம் நடந்தால் எனக்கும் நல்லாத்தான் இருக்குங்க. 2016-இல் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலிலேயே கோவை வந்தது. நடைபாதை, விளக்கு, இருக்கை எல்லாம் அந்தத் திட்டத்தில் வந்தவை. என் குறை, தண்ணீரும் மண்ணும் சேரும் விளிம்பை மனுசர் நிற்கும் இடமாக மட்டுமே பார்த்துவிட்டார்கள் என்பது.

மீனுக்கு இரை கிடைப்பது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான். முழங்கால் அளவுத் தண்ணீரில் வெயில் அடிவரை இறங்கும். பாசியும் கோரையும் வளரும், புழு பூச்சி சேரும். விரால் அந்தச் செடிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கித்தான் முட்டையிடும். செக்கச்செவேலென்று கொத்தாகச் சுற்றும் குஞ்சுகளைப் பெற்ற மீன்கள் காவல் காப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கான்கிரீட்டும் கல்லும் நேராக இறங்கும் இடத்தில் அதற்கு வழியில்லை. அங்கே கல்லில் படியும் பாசியை மேய ஜிலேபி வரும். ஜிலேபி கிடைத்ததைத் தின்னும், கெட்ட தண்ணியையும் தாங்கும். அதனால் 'மீன் துள்ளுதே' என்று குளத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. எந்த மீன், எதைத் தின்னுது, குஞ்சு பிழைக்குதா என்று பார்க்கணும்.

'குளமே மனுசன் வெட்டினதுதானே, இதுல என்ன இயற்கைக் கரை?' என்று கேட்பாங்க. நியாயமான கேள்வி. நொய்யலில் அணைக்கட்டு போட்டு, வாய்க்கால் வெட்டி நிரப்பிய குளங்கள்தான் இவை. ஆனால் பழைய குளத்தில் மேடான கரை பள்ளத்துப் பக்கம் மட்டும்தான். தண்ணீர் வரும் பக்கம் நிலம் மெல்லச் சரிந்து கிடக்கும். ஏறி இறங்கும் தண்ணீர் விட்டுப்போகும் அந்த ஈர மண்ணில் மீன்குஞ்சும் கொக்கும் பிழைத்தன. கட்டினவர் மனுசரேதான், சரிவை மட்டும் விட்டு வைத்தார்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2017-இல் கட்டி முடித்த கடல்சுவரில் இதை யோசித்திருக்கிறார்கள். ஆழமில்லாத ஓரத்தில் இரை தேடும் சால்மன் குஞ்சுகளுக்காகச் சுவரைச் சொரசொரப்பாக்கி, அடித்தளத்தை உயர்த்தி, நடைபாதையில் வெளிச்சம் இறங்கக் கண்ணாடிக் கட்டிகள் பதித்தார்கள். நமக்கு அவ்வளவு செலவுகூட வேண்டாம். 2017-இல் சிங்காநல்லூர் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்ததும் இதே மாநகராட்சிதான். அந்தப் புத்தி பெரியகுளத்துக்கும் வரட்டும். சாக்கடையை நிறுத்துவது முதல் வேலை, அதில் சந்தேகமில்லை. அதோடு, தண்ணீர் வரும் பக்கத்தையாவது மண்சரிவாக விடுங்க. அங்கே கோரை முளைத்தால் புதர் என்று வெட்டாதீங்க.