கோட்டுக்கு மேலும் வறுமை உண்டு

வறுமையைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. நல்குரவு, இன்மை, மிடி, இலம்பாடு எனப் பல சொற்களை நம் இலக்கியம் பேணி வந்துள்ளது. திருக்குறளில் நல்குரவுக்கென ஓர் அதிகாரமே உண்டு. ஆயினும் இச்சொற்கள் யாவும் இல்லாதவன் ஒருவனையே நோக்குவன. ஏற்றத்தாழ்வு என்னும் சொல்லோ, இருப்பவனையும் இல்லாதவனையும் ஒருசேர நிறுத்தி நோக்குவது. பினாங்கில் நிகழ்ந்த வறுமை ஆய்வுப் பணியின் சிறப்பும் குறையும் இவ்வேறுபாட்டைக் கொண்டே விளங்கிக் கொள்ளத் தக்கன.

1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களின் தலைமையில் பல்லாண்டுகள் இயங்கியது. 2019இல் அவர் மறைந்தார். பொதுமக்களின் முறையீடுகளைக் கேட்டுப் பதிவு செய்வதே சங்கத்தின் தொடக்கப்பணி. விலை, எடை, கலப்படம் பற்றிய குறைகளோடு அது நின்றுவிடவில்லை. 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவுகள் ஜூரு ஆற்றில் கலந்தன. கோல ஜூரு மீனவர்களின் பிழைப்புக் கெட்டது. அம்மீனவர்கள் சோம்பலால் ஏழையானவர் அல்லர். ஒருவரின் ஆலை இலாபமே மற்றொருவரின் வலையை வெறுமையாக்கியது என்பதை அங்குத் திரட்டப்பெற்ற செய்திகள் புலப்படுத்தின. வறுமையை ஓர் உறவாகக் காணும் நோக்கு இங்கே தொடங்குகிறது எனலாம்.

அந்நோக்கிற்குப் பொருளியல் வடிவம் தந்தவர் மார்ட்டின் கோர். மலேசியப் பொருளாதாரத்தின் அமைப்பையும் சார்புநிலையையும் ஆராயும் அவருடைய ஆங்கில நூல் 1983இல் வெளிவந்தது. நாட்டில் விளையும் செல்வத்தில் எவ்வளவு வெளியேறுகிறது, எவ்வழியில் வெளியேறுகிறது என்னும் வினாக்களை அது எழுப்பியது. மறு ஆண்டில் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான மூன்றாம் உலக வலையமைப்பு, இவ்வினாக்களை உலக வாணிப அரங்கிற்கும் கொண்டு சென்றது.

அதிகார வட்டாரங்களின் கணக்கு வேறு வகைப்பட்டது. 1970இல் தீபகற்ப மலேசியாவில் 49.3 விழுக்காடாக இருந்த வறுமை 2016இல் 0.4 விழுக்காடாகக் குறைந்ததென அறிவிக்கப்பட்டது. வளர்ச்சி உண்மையே; அதனை மறுப்பது நேர்மையாகாது. எனினும் அந்தக் கோடு, ஒரு குடும்பத்துக்கு மாதம் ஏறத்தாழ 980 ரிங்கிட் என வரையப்பட்டிருந்தது. நால்வர் கொண்ட குடும்பமாயின் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு ரிங்கிட்டே கிடைக்கும். 2019இல் வருகை புரிந்த ஐக்கிய நாட்டு அவையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இதனைக் கடுமையாகச் சாடினார். 2020இல் கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டதும், அதே 2016ஆம் ஆண்டின் வறுமை 7.6 விழுக்காடாயிற்று. ஓர் அடுப்பும் புதிதாக அணையவில்லை, அளவுகோலே மாறியது.

அளவுகோலை எவ்வளவு திருத்தினும் அதற்குள் அகப்படாதவை உண்டு. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் குடியிருந்தோரை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காத்து வந்தது. 1997இல் அது நீக்கப்பட்டு, இடைக்காலச் சலுகையும் 1999 இறுதியில் முடிந்தபோது, ஒரு காசும் வருமானம் குறையாமலே பலர் வீடிழந்தனர். தோட்டப்புறத் தொழிலாளியின் நிலையும் இத்தகையதே. வேலை போனால் கூரையும் போகும். வருமானம் மட்டும் அறிந்த கோட்டுக்கு இந்த நிலையாமை தெரியாது.

இத்தனையும் அறிந்த பினாங்கு ஆய்வாளரிடத்தும் ஒரு முரண் காணப்படுகிறது. அரசையும் நிறுவனங்களையும் நோக்கிப் பேசுங்கால் அவர்கள் ஏற்றத்தாழ்வைப் பேசினர். மக்களை நோக்கிப் பேசுங்கால் பெரிதும் சிக்கனத்தைப் பேசினர். சீனியைக் குறையுங்கள், புகையை விடுங்கள், விளம்பரத்துக்கு மயங்காதீர்கள் என்பன நல்ல அறிவுரைகளே. இருப்பினும், கோர் ஆங்கிலத்தில் எழுதிய காரணங்களைக் கேளாமல் இவற்றை மட்டும் கேட்கும் ஏழை, தன் இல்லாமைக்குத் தன் செலவே காரணமென எண்ணக்கூடும். சங்கத்தின் இதழ் தமிழிலும் வெளிவந்தது. அத்தகைய பக்கங்களில் சீனியின் தீமைக்கு ஈடாகத் தோட்டத்து வருமானம் எங்கே போகிறது என்னும் கணக்கும் இடம்பெற்றிருக்க வேண்டும். உபரி, சார்புநிலை, பங்கீடு ஆகிய சொற்கள் நம் மாணவர்க்குப் புரியாதவை அல்ல.