'முடியாது' என்பது காவலாகுமா?

வீட்டில் கணிப்பொறி வைத்திருக்கும் வாசகர்களே! 2019 அக்டோபரில் வெளிவந்த இரண்டு அறிக்கைகளைச் சற்று ஆராய்வோம். நாஞ்சில் நாட்டின் அண்டையில், நெல்லை மாவட்டக் கடற்கரையிலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றியவை அவை.

நிலையத்தின் கணிப்பொறியில் உளவு நிரல் புகுந்துவிட்டதாகச் செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையம் அதைப் பொய்ச்செய்தி என்றது. உலையை இயக்கும் கணிப்பொறிகள் இணையத்தோடு சேராதவை. எனவே அவற்றைத் தாக்க முடியாது என்று கூறியது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் நிரல் புகுந்தது உண்மை என்றது. அது இருந்தது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணிப்பொறியில். 'செர்ட்-இன்' என்ற அரசுப் பாதுகாப்பு அமைப்பு செப்டம்பர் 4 அன்றே அதைக் கண்டு தெரிவித்திருந்தது.

முதல் அறிக்கையின் குறை என்ன? "வீட்டுக்குள் யாரேனும் வந்தார்களா?" என்பது கேள்வி. "பத்தாயம் பூட்டியிருக்கிறது" என்பது விடை! உலை தனித்திருந்தது என்பதை மறுநாள் அறிக்கையும் மறுக்கவில்லை. ஆனால் கேள்விக்கு விடை அதுவன்று.

'முடியாது' என்ற சொல்லும் பொருந்தாது. ஈரானின் நதான்ஸில், இணையத்தோடு சேராத யுரேனியம் செறிவூட்டும் கருவிகளையே ஸ்டக்ஸ்நெட் என்ற நிரல் கெடுத்தது. 2010இல் வெளிப்பட்ட அந்நிரல் பென்டிரைவ் வழியே உள்ளே சென்றிருக்கும் என்று கருதப்படுகிறது.

இரண்டாம் அறிக்கை நேர்மையானது. ஆனால் எட்டு வாரம் பிந்தியது.

"என் கணிப்பொறியில் திருட என்ன இருக்கிறது?" என்று நாம் சொல்வதும் அந்த முதல் அறிக்கையைப் போன்றதே. புக முயல்பவை பெரும்பாலும் தானாக இயங்கும் நிரல்கள். அவை ஆள் பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு இணைய முகவரியாகத் தட்டிப் பார்க்கின்றன. அழையாமல் வரும் இத்தட்டல்களை ஃபயர்வால் என்ற தடுப்பு நிரல் திருப்பிவிடும், அதை நிறுத்திவிடாதீர்கள். ரவுட்டர் வாங்கும்போதிருந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். திருத்தங்களை உடனே ஏற்றுங்கள். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வானாக்ரை நிரலுக்கு எதிரான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது!

இவ்வளவு செய்தும், அறியாதவர் அனுப்பிய மின்னஞ்சல் கோப்பை நீங்களே திறந்தால் ஃபயர்வால் என்ன செய்யும்? எனவே அவ்வப்போது சோதித்துப் பாருங்கள். புகவே முடியாது என்று நம்புகிறவர் தேடிப் பார்ப்பதில்லை. புகுந்திருக்கலாம் என்று ஐயுறுகிறவரே கண்டுபிடிக்கிறார்.