சான்றிதழும் தீப்புண்ணும்

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அளவறிந்து கையாள வேண்டும் என்று 2012-இல் சென்னையில் கூடிய மருத்துவ வல்லுநர்கள் வற்புறுத்தினர். அது 'சென்னைப் பிரகடனம்' எனப்படுகிறது. தேசிய மருத்துவமனைத் தர அங்கீகார வாரியமும் தன்னிடம் சான்று பெறும் மருத்துவமனைகள் இம்மருந்துகளுக்கென எழுதப்பட்ட நெறிமுறை வைத்திருக்க வேண்டும், அது பின்பற்றப்படுகிறதா என்று கண்காணிக்கவும் வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் சிவகாசிப் பகுதிக்கு அது எவ்வளவு தூரம் பயன்படும்?

அதே 2012-இல், செப்டம்பர் 5 அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய விபத்துகளில் உயிர் தப்பியவர்களுக்கு அடுத்த பகை கிருமித்தொற்று. தீப்புண்ணில் தோல் என்னும் வேலி அழிந்துவிடுகிறது. கருகிய திசுவில் இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே ஊசி வழியே செலுத்தும் மருந்து அங்குப் போதிய அளவு சென்று சேர்வதில்லை. சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகளுக்கோ அது நல்ல விளைநிலம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று தொற்று வருமுன்பே மருந்து கொடுத்தால், எளிதில் மடியும் கிருமிகள் மடியும். மருந்தை எதிர்த்து நிற்பவை தழைக்கும்.

ஆகவே முறை என்ன? தொற்றின் அறிகுறி கண்டால், முதல் ஊசிக்கு முன்பே புண்ணிலிருந்தும் இரத்தத்திலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். கிருமியை வளர்த்து, எம்மருந்துக்கு அது பணிகிறது என்றறிய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். முடிவு வந்ததும் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டும்.

இங்கேதான் விதியின் குறை தெரிகிறது. சான்று பெறுவது மருத்துவமனையின் விருப்பத்தைப் பொறுத்தது. பெறாத இடத்தை அவ்விதி கட்டுப்படுத்தாது. மேலும், விதி ஒரு கட்டடத்தைப் பார்க்கிறது; நோயாளியோ கட்டடம் மாறிச் செல்கிறார். சிவகாசியில் முதலுதவி பெற்றவர், புண் கடுமையானால் 70 கி.மீ.க்கு அப்பால் மதுரைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். முதல் ஊசி எங்கோ போடப்பட்டிருக்க, மதுரையில் எடுக்கும் மாதிரியில் கிருமி வளராமலே போகலாம். பிறகு எதை நம்பி மருந்தைக் குறைப்பது?

எனவே சான்று பெற்றதோ பெறாததோ, எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒன்றைக் கட்டாயமாக்க வேண்டும். என்ன மருந்து, எந்த நேரம், எதற்காக, மாதிரி எடுத்தாயிற்றா என்ற நான்கும் எழுதிய சீட்டு ஒன்று நோயாளியுடன் செல்லட்டும். ஆய்வுக்கூடங்கள் பெருக நாளாகும். இச்சீட்டை நாளைக்கே எழுதத் தொடங்கலாம்.